மூச்சு விடாமல் பேசிய கம்கோல்

மேங் தால்சூவுக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றுதான்: காத்திருப்பது. அப்படிப்பட்ட மனுஷர் குடிவந்தது ஹ்வாசானுக்கு. கொரியாவிலேயே சுங்சோங் மாகாணத்து ஆட்கள்தான் எதையும் நிதானமாகச் செய்கிறவர்கள். அதிலும் ஹ்வாசான்காரர்களாகிய நாங்கள் அவர்களையே அவசரக்காரர்கள் என்று சொல்கிறவர்கள். இன்சோன் துறைமுகத்தில் பிறந்த தால்சூ, எங்கள் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து முப்பது வருஷமாகிறது. இன்னமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் தெருவில் நடக்கிறார்.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் என் கடைக்கு நேர் மேல்மாடியில் இருக்கிறது. கீழே நான் பன்றிக்குடலில் ரத்தமும் சேமியாவும் அடைத்து சூப் காய்ச்சி விற்கிறேன். மேலே அவர் பாட்டுகளை வேகப்படுத்துகிறார். தினமும் மத்தியானம் இறங்கி வந்து, உட்காருவதற்கு முன்னாலேயே, "சூப் ஆச்சா, அக்கா?" என்பார். "கொதிக்கறப்ப கொதிக்கும், தம்பி. நீ மேல போய் வேணும்னா அடுப்பையும் வேகப்படுத்திட்டு வா" என்பேன். அவர் அதை ஒருநாள் நிஜமாகவே யோசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

தொழில் என்று பார்த்தால், சுற்றுலாப் பேருந்துகளுக்கான பாட்டுத் தொகுப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் அறுவடை முடிந்ததும் பேருந்து அமர்த்திக் கடல் பார்க்கக் கிளம்புவார்கள். கடலை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. போகும்போதும் வரும்போதும் திரைகளை இழுத்துவிட்டு, இருக்கைகளுக்கு நடுவில் நின்று ஆடுவதுதான் பயணம். ஆடுவதற்குப் பாட்டு வேண்டும் அல்லவா? எங்கள் பழைய பாட்டுகளோ எல்லாம் ஒப்பாரி ரகம். கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை, ஸ்டேஷனில் பனி கொட்டுகிறது, அம்மா செத்துப்போனாள். தால்சூ இவற்றையெல்லாம் எடுத்து, டெம்போ என்கிற தாள வேகத்தை ஏற்றி, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு ஒட்டி, குதிக்கிற வேகத்தில் தருவார். அம்மா செத்துப்போனதற்கு அறுபது வயதுப் பெண்கள் இடுப்பை ஆட்டுவார்கள்.

முன்பெல்லாம் டேப்பை வேகமாக ஓட்டினால் பாடுகிறவரின் குரல் பொறியில் மாட்டிய எலி மாதிரி கீச்சென்று ஆகிவிடும். அது அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் ஏற்றுகிற சாப்ட்வேர் வந்தது. பாடுகிறவரின் குரல் அதே கனத்தோடு இருக்கும், ஆனால் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலத் தோன்றும். முதல் தடவை அதைக் கேட்ட அன்று தால்சூ கண்கலங்கி உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி யோனிம் சொல்வாள். மனித குலத்துக்கு நெருப்புக்கு அடுத்தபடியாகக் கிடைத்தது அதுதான் என்பது அவர் கட்சி.

அவர் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். திரையில் குரல் கம்பளிப்பூச்சி மாதிரி நீளமாகப் படுத்திருக்கும். தடித்த இடத்தில் சத்தம், மெலிந்த இடத்தில் ஒன்றுமில்லை. மெலிந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் 'வெட்டி இடம்'. முதலில் மூச்சிழுக்கிற சத்தங்களை எடுப்பார். அப்புறம் வெட்டி இடங்களை மூடுவார். கடைசியில் டெம்போவை ஏற்றிவிடுவார். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்பதே இல்லை. "வார்த்தையைக் கேக்க ஆரம்பிச்சா வேலை ஓடாது, அக்கா. நான் பூச்சியைத்தான் பாப்பேன்" என்பார்.

ஊரிலும் அவருக்கு இதே வேலைதான். கல்யாண மண்டபத்துக்காரன் ஒருநாளைக்கு நிறைய கல்யாணம் நடத்த வேண்டுமென்று மணப்பெண் நடந்துவரும் இசையை வேகப்படுத்தித் தரச் சொன்னான். அதன்பிறகு எங்கள் ஊரில் பெண்கள் மேடைக்கு ஏறக்குறைய ஓடித்தான் போய்ச் சேர்ந்தார்கள். கைபிடித்துக் கூட நடக்கிற முழங்கால் வலிக்கார அப்பாக்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு வரும்போது பிள்ளைகளுக்காகப் பிரார்த்திக்கிற அம்மாக்கள், பிக்கு ஓதுகிற பதிவை எடுத்து வருவார்கள். வேகமாக ஓதினால் அதே நேரத்தில் அதிகத் தடவை ஆகும் அல்லவா, புத்தர் எண்ணிக்கை பார்க்க மாட்டாரா என்ன? தால்சூ செய்து கொடுத்தார். மார்க்குகள் எப்போதும் போலத்தான் வந்தன.

யோனிம் இதற்கெல்லாம் நேர் எதிர். கம்கோல் கிராமத்துப் பெண். "என்னங்க, சாப்பாடு..." என்று அவள் ஆரம்பித்து முடிப்பதற்குள் இவர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். அவள் தொலைபேசியில் பேசுவதைப் பதிவு செய்து வேகப்படுத்திக் கேட்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அவரிடமே கேட்டேன். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹ்வாசானில் யாரும் யார் முகத்தைப் பார்த்தும் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. அது கை நீட்டி அடிப்பதற்குச் சமம். ஒருவர் வந்து ஏதாவது கேட்டு, அது நமக்குப் பிடிக்கவில்லையென்றால் சும்மா இருப்போம். நன்றாகச் சும்மா இருந்துவிட்டு, இந்த வருஷத்து மழையைப் பற்றி ஏதாவது சொல்வோம். கேட்டவர் புரிந்துகொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறோமோ, மறுப்பு அவ்வளவு பலம் என்று அர்த்தம். பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். இன்சோன்காரருக்கு முப்பது வருஷமாகியும் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை.

கம்கோலுக்குச் சொத்து என்று இருப்பது பின்னால் ஒரு குன்று, முன்னால் மிளகாய் காய்கிற முற்றங்கள். வெயிலிலேயே காய்ந்த மிளகாய் என்பதற்காக சியோலிலிருந்து ஆட்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அந்தக் குன்றை உடைத்துக் கல் எடுக்க ஒரு கம்பெனி கிளம்பியது. குவாரி வந்தால் கல்தூள் எங்கே போய்ப் படியும் என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கல்லைக் கடித்துப் பல் போனால் அடுத்த வருஷம் யார் கம்கோல் மிளகாய் வாங்குவார்கள்? அந்தக் கிராமத்தில் பிழைக்க வேறு வழியில்லை. குன்று போனால் ஊர் போயிற்று, அவ்வளவுதான்.

குவாரி என்றால் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்தின் திட்டப் பிரிவுத் தலைவன் பான் சங்மோ மைக்கோடு கம்கோலுக்குப் போனான். போய் உட்கார்ந்தவன் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை கேட்டான். ஊர்த் தலைவர் மோ கிபோக், அதாவது யோனிமின் அண்ணன், தன் ஆட்களோடு எதிரே உட்கார்ந்திருந்தார். பான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் கம்கோல் தன் முழு பலத்தோடு சும்மா இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது, "நல்லா உறைக்கற மாதிரி சொல்லிட்டோம்" என்று ஒருவரையொருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டார்களாம்.

மறுநாள் பான் என் கடைக்கு வந்தான். தால்சூவின் எதிரே உட்கார்ந்து சூப் சொன்னான். நான் அடுப்படியில் இருந்தேன். பேசியதையெல்லாம் பின்னால் தால்சூவே என்னிடம் சொன்னார்.

"அண்ணே, ஒரு சின்ன வேலை."

"சின்ன வேலைன்னா சட்டுனு சொல்லு."

"கம்கோல் கூட்டத்துப் பதிவு. அனுமதி கொடுக்கற மாகாணக் கமிட்டிக்கு அனுப்பணும். அவங்க அரை மணி நேரத்துக்கு மேல காது கொடுக்க மாட்டாங்க. இது பாதி நாள் ஓடுது."

"வெட்டிடட்டுமா?"

"வெட்டறதா? ஒரு வார்த்தை குறைஞ்சாலும் என் வேலை போயிடும்ணே. வார்த்தை பூரா அப்படியே இருக்கணும். கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தா போதும்."

"வார்த்தையில கை வைக்க மாட்டேன். வெட்டி இடத்தை மட்டும் எடுத்துட்டு வேகத்தை ஏத்திடறேன். போதுமா?"

"அதெல்லாம் உங்க தொழில். நான் ஒண்ணும் சொல்லலைண்ணே" என்று சொல்லிவிட்டு பான் இன்னும் கொஞ்சம் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் கேட்டான். இவன் ஹ்வாசானில் பிறந்து வளர்ந்தவன். கம்கோல் சும்மா இருந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவு விவரம் போதாது.

தால்சூ அன்றைக்கே முடித்துவிட்டார். வழக்கம்போலப் பூச்சியை மட்டும் பார்த்தார். இருமலை எடுத்தார், மூச்சை எடுத்தார், வெட்டி இடங்களை மூடினார், டெம்போவை ஏற்றினார். வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கி வந்தார். "பாதி நாள் கூட்டம், அக்கா. நீ ஒரு பானை சூப்பு காய்ச்சறதுக்குள்ள கேட்டு முடிச்சிடலாம். ஒரு வார்த்தை குறையலை" என்றார். அது உண்மைதான். ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை.

குவாரிக்கு அனுமதி வந்துவிட்ட செய்தி எங்களுக்குச் சந்தை நாளன்று, என் கடைத் தொலைக்காட்சியில்தான் தெரிந்தது. கிபோக்கும் கம்கோல் பெரியவர்கள் சிலரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் சேனலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, குவாரியைக் கம்கோல் மக்கள் உற்சாகமாக வரவேற்றிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கூட்டத்துப் பதிவிலிருந்து கொஞ்சம் போட்டுக் காட்டினாள்.

பானின் குரல் கேட்டது. "குவாரி வர்றதுல உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது உண்டா?"

கேள்வி முடிகிற அதே நொடியில் ஒரு கிழவர் துள்ளிக்கொண்டு பதில் சொன்னார். "இந்த வருஷம் மழை நல்ல மழை."

"கம்பெனி உங்களுக்குத் தார் ரோடு போட்டுத் தரும்."

"பீன்ஸு கூட நல்லா வந்திருக்கு." பின்னாலேயே எல்லாரும் கலகலவென்று சிரிக்கிற சத்தம். அது பெருமூச்சு. பத்துப் பேர் சேர்ந்து விட்டதால் திரையில் தடிப்பாகத் தெரிந்து வெட்டுக்குத் தப்பிய நீளமான பெருமூச்சைப் பிடித்துச் சுருக்கினால் அப்படித்தான் சிரிப்பாகிவிடும் என்று பின்னால் தால்சூவே விளக்கினார்.

கிபோக் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த தாக் பெரியவர் கேட்டார்.

"யாருப்பா அது, நம்ம ஊர்ல வந்து இப்படிப் படபடன்னு பேசறது?"

"நீங்கதான், பெரியப்பா" என்றார் கிபோக்.

"நானா? நான் எப்ப இவ்வளவு பேசினேன்?"

"பேசினது அவ்வளவுதான். பேசாம இருந்தீங்க பாருங்க, அதை எடுத்துட்டாங்க."

"அதுதானே முக்கியம்" என்றார் தாக் பெரியவர். அப்புறம் யாரும் சாப்பிடவில்லை.

யோனிம் அப்போதுதான் அண்ணனைப் பார்க்க உள்ளே வந்திருந்தாள். ஈரக் குடையை மடக்காமல் கையிலேயே பிடித்தபடி செய்தி முடியும்வரை நின்று கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "யாருமே... மூச்சு விடலை. இது... எங்க வீட்டு வேலை."

அவள் மாடி ஏறினாள். நாங்கள் சண்டைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை. தால்சூ அப்புறம் என்னிடம் சொன்னார். "வந்து எதிர்ல உக்காந்தா, அக்கா. என்னன்னு கேட்டேன். பதிலில்லை. என்னன்னு சொல்லித் தொலையேன்னேன். பதிலில்லை. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு முடிச்சிருப்பேன். அவ திட்டவே இல்லையே, நான் என்ன பண்ணுவேன்?" ரொம்ப நேரம் கழித்து யோனிம் வாயைத் திறந்தாளாம். "என்னங்க, அந்தக் கூட்டத்தை... ஒரு தடவை... அப்படியே கேளுங்க."

அந்த சாப்ட்வேரில் ஒரு நல்ல குணம். மேலே என்ன அழித்தாலும் சுருக்கினாலும், உள்ளே முதல் பதிவு அப்படியே கிடக்கும். தால்சூ அதைத் திறந்து, எதையும் தொடாமல், முதல் தடவையாக வார்த்தைகளைக் கேட்டார். வார்த்தைகள் இல்லாத இடங்களையும் கேட்டார். முடித்துவிட்டு இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தார். நான் சோஜு சாராயத்தை ஊற்றி முன்னால் வைத்தேன்.

"பான் கேக்கறான், அக்கா. யாரும் பேசலை. மின்விசிறி சுத்தற சத்தம் மட்டும் வருது. நானும் இப்ப சொல்வாங்க, இப்ப சொல்வாங்கன்னு காத்துக்கிட்டே இருக்கேன். யாரும் வாயத் தொறக்கலை. கேக்கக் கேக்க, எல்லாரும் சேர்ந்து கத்தற மாதிரி இருந்துச்சு. நான் அதைத்தான் வெட்டி இடம்னு எடுத்துப்போட்டிருக்கேன்."

அவர் பானைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். பான் அமைதியாக, "ஒரு வார்த்தை குறைஞ்சிருக்காண்ணே?" என்று கேட்டான். "இல்லை." "அப்ப என்ன தப்பு? செஞ்சதும் நீங்கதானே?" அந்த முப்பது வருஷத்தில் எங்கள் ஊர்க்காரர் மாதிரி தால்சூ வாயடைத்து நின்றது அந்த ஒரு தடவைதான். ஆனால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள பானுக்கு மனசில்லை.

கிபோக் மாகாணத்துக்கு மனு எழுதினார். முழுப் பதிவையும் கேட்கக் கமிட்டி ஒரு நாள் ஒதுக்கியது, ஒதுக்கியது என்றால் அரை நாள், அதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். கம்கோலே ஒரு பேருந்து பிடித்துக் கிளம்பியது. நானும் கடையை மூடிவிட்டுப் போனேன். அன்றைக்கு அனுமதியைத் திரும்பப் பெற வைக்காவிட்டால் அடுத்த வாரம் குன்றில் வெடி வைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். யோனிமும் தால்சூவும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். நடுவில் கம்ப்யூட்டர் பை இருந்தது.

கமிட்டியில் எல்லாரும் படித்தவர்கள், நல்ல கோட்டுப் போட்டவர்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். ஆற்றங்கரையில் விலாங்கு மீன் சுடுகிற கடையில் மத்தியானத்துக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்தே தெரிந்துகொண்டோம். தால்சூ பதிவை ஓட விட்டார். பான் முதல் கேள்வியைக் கேட்டான். அப்புறம் மின்விசிறி ஓடியது.

"மெஷின் ரிப்பேரா?" என்றார் தலைவர்.

"இல்லைங்கய்யா, ஓடிட்டிருக்கு."

"சத்தமே வரலையே."

"அதுதாங்கய்யா பதிலு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு உறுப்பினர் அம்மா, தான் எதையுமே ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பது வழக்கம், இதையும் அப்படி வைக்கலாமே என்றாள். தால்சூ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் விரல்கள் எப்படித் துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "வேகமா வச்சா இது இருக்காதும்மா. அப்படி வச்சுத்தான் இந்த வினை வந்தது" என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. பாவம், சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருந்து பழக்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "போதும், நிறுத்துங்க. ஊர்க்காரங்க எல்லாம் இங்கதானே இருக்கீங்க? நேராவே கேட்டுடறேன். குவாரி வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க."

கம்கோல் முழுவதும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தது. கோட்டுப் போட்ட அந்நியர்கள் முன்னால் முகத்துக்கு நேரே எப்படி 'வேண்டாம்' என்று சொல்வது? கிபோக் தொண்டையைச் செருமினார். "இந்தப் பக்கம்... மழை எப்படி..." என்று மெதுவாக ஆரம்பித்தார். எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்தது. அதைவிடக் கடுமையாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது.

"அப்ப ஆட்சேபம் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் தலைவர். தட்டெழுதுகிற பெண்ணின் விரல் இறங்கியது.

தால்சூ எழுந்தார். "ஐயா, அவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க" என்றார். காத்திருக்கச் சொல்லி அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே திகைத்துப் போனேன்.

"நீங்க கம்கோல் ஆளா?"

"இல்லைங்கய்யா. மாப்பிள்ளை."

"அப்ப உக்காருங்க."

அப்போது யோனிம் எழுந்தாள். கூப்பிடுவதற்கு முன்னால் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. "வேண்டாம்" என்றாள். இழுக்கவில்லை, விழுங்கவில்லை. "குவாரி வேண்டாம். உங்க தார் ரோடும் வேண்டாம். மிளகாயில கல்லு விழுந்தா நாங்க செத்தோம். வேண்டாம்."

முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. கிபோக் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். தாக் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி சபையில் துணியை அவிழ்த்துப் போட்டிருந்தால்கூட இவ்வளவு கூச்சம் வந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. வெட்கம் கொஞ்சம், பெருமை நிறைய. முப்பத்தெட்டு மிளகாய் முற்றங்களுக்காக அவள் தன் மானத்தை எடுத்து அந்த மேஜைமேல் வைத்துவிட்டாள் என்று தோன்றியது.

"நல்லது. ஒரு ஆட்சேபம்" என்று தலைவர் சந்தோஷமாக எழுதச் சொன்னார். "வேற யாராவது?"

தங்கையைத் தனியாக நிற்க விட முடியுமா? கிபோக் எழுந்தார். எழுந்தவர் தன் தாத்தா வெட்டிய கிணற்றிலிருந்து ஆரம்பித்தார். எழுந்து பேசுகிறவர் தானாக முடிக்கும்வரை முழுக்கப் பதிவு செய்தாக வேண்டும் என்பது கமிட்டியின் சொந்த விதி. கிணறு தோண்டியாயிற்று, தண்ணீர் வந்தது, தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனது. குவாரிக்கு வந்து சேர்வதற்குள் கடிகாரத்தில் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கிபோக் உட்கார்ந்ததும் தாக் பெரியவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒரு பேருந்தே இருந்தது. உறுப்பினர் அம்மா தொலைபேசியில் யாரிடமோ விலாங்கு மீனைச் சூடாக வைத்திருக்கச் சொல்லிக் கிசுகிசுத்தாள்.

தலைவர் தால்சூவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவரு. இவங்களைக் கொஞ்சம்..." என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

"பதிவு பண்ணினதைத்தாங்கய்யா வேகப்படுத்த முடியும். உயிரோட நிக்கறவங்களுக்கு இன்னும் சாப்ட்வேர் வரலை" என்றார் தால்சூ.

நாலாவது ஆள் தன் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கமிட்டி தலைகளைச் சேர்த்துக்கொண்டு முணுமுணுத்தது. கம்கோலின் ஆட்சேபம் ஐயத்துக்கு இடமில்லாமல் பதிவாகிவிட்டது, அனுமதி ரத்து, கூட்டம் முடிந்தது என்று தலைவர் ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுந்தார். மாட்டைப் பற்றிப் பேசியவருக்கு மட்டும் கடைசிவரை சொல்ல விடவில்லை என்று இன்றைக்கும் வருத்தம்.

கம்பெனி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டது. பான் சங்மோவுக்கும் பெரிய கஷ்டம் வரவில்லை. மாகாணத் தலைமை அலுவலகத்தில் மக்கள் குரலைக் கேட்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு அவனை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். அவனை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் ஹ்வாசான் வந்தால் இன்னும் என் கடையில்தான் சாப்பிடுகிறான். நானும் எங்கள் ஊர் முறைப்படி பேசாமல் பரிமாறுகிறேன். அவன் அதைப் புரிந்துகொண்டும் இரண்டாவது தடவை சாதம் கேட்கிறான்.

திரும்பி வரும் பேருந்தில் யாரும் அதிகம் பேசவில்லை. ஜெயித்த ஊர் மாதிரியே இல்லை. யோனிம் அப்படிப் பேசிவிட்டதை யாரும் பார்க்காதது போல இருந்துவிட வேண்டும் என்று எல்லாரும் மரியாதையாக முயற்சி செய்துகொண்டிருந்தோம். நான் அவர்கள் இருக்கைக்குப் பின்னால் இருந்தேன். கம்ப்யூட்டர் பை இப்போது தால்சூவின் மடியில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் பொறுக்க முடியாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"எல்லாம்தான் சரியாப் போச்சே. என் மேல இருக்கற கோபமும் போயிடுச்சுல்ல?"

"இல்லை" என்றாள் யோனிம். அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

முப்பது வருஷமாக அவளிடம் அவர் எதிர்பார்த்த வேகம் அதுதான். ஆனால் அது கிடைத்ததும் மனுஷர் குரல் தாழ்ந்து போயிற்று.

"கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லேன்மா."

"யோசிச்சுட்டேன்" என்றாள் அவள்.